வேறு ஊருக்குப் போனார்கள்
(பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: லூக்கா 9:51-62)



இன்றைய நற்செய்தியில் ஓர் ஊர் இயேசுவுக்குத் தங்க இடம் தர மறுக்கிறது. எருசலேமில்தான் கடவுளைத் தொழ வேண்டும் என்பது யூதர் கட்சி. கெரிசிம் மலைதான் என்பது சமாரியர் கட்சி. பல நூறு ஆண்டு வழக்கு. இயேசு எருசலேமை நோக்கிப் போகிறார் என்று தெரிந்ததும் சமாரிய ஊரார் கதவைச் சாத்திவிட்டார்கள். யாக்கோபுக்கும் யோவானுக்கும் ரத்தம் கொதிக்கிறது. வானத்திலிருந்து தீயை வரவழைத்து ஊரையே கொளுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆண்டவர் திரும்பிப் பார்த்துக் கடிந்துகொண்டது அவர்களைத்தான், ஊரை அல்ல. பிறகு வேறு ஊருக்குப் போனார்கள். லூக்கா இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்காக, சமாரியர் சொல்வதும் சரிதான் என்று இயேசு விட்டுக்கொடுத்துவிடவில்லை. யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் பேசுகிறார். வழிபாட்டைப் பற்றி உங்கள் பக்கத்தில் தெளிவு இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறார். அவளுடைய குடும்ப வாழ்க்கையையும் மூடி மறைக்காமல் எடுத்துப் பேசுகிறார். ஆனால் இதையெல்லாம் சொல்வதற்கு முன்பே, குடிக்கத் தண்ணீர் கேட்டது அவளிடம்தான். யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீ கேட்ட அந்த யோவான் பின்னால் என்ன ஆனார் என்பது திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பேதுருவோடு சமாரியாவுக்கே போய், அந்த மக்கள்மேல் கை வைத்து, தூய ஆவி வர வேண்டும் என்று மன்றாடினார்.

நம் பங்கில் ஒரு கேள்வி இரண்டு குரலில் வந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்கள் கேட்பது இது: "தப்பைத் தப்புன்னு சொன்னா வெறுப்புங்கிறாங்களே ஃபாதர், அப்ப வாயையே திறக்கக் கூடாதா?" இளையவர்கள் கேட்பது இன்னொன்று: "வெறுக்கல, கருத்துதான் வேறன்னு சொல்றாங்க. ஆனா வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறாங்களே ஃபாதர், இதுக்கு என்ன பேரு?" இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒன்றைச் சொல்லி மற்றதை அடைக்க முடியாது.

முதல் கேள்விக்கு விவிலியத்தில் தெளிவான பதில் இருக்கிறது. இன்றைய இரண்டாம் வாசகத்தில், ஒருவரையொருவர் கடித்துக் குதறினால் கடைசியில் எல்லாரும்தான் அழிவோம் என்று கலாத்தியரை எச்சரிக்கிற பவுல், அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பேதுருவையே முகத்துக்கு நேராக எதிர்த்ததைச் சொல்கிறார். அதுவும் முதல் திருத்தந்தையை! சண்டை பந்தியைப் பற்றியது. பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் மெல்ல எழுந்துபோய்விட்டார். பவுலுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே எதிர்ப்பதே வெறுப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில சமயம் எதிர்க்காமல் இருப்பதுதான் அன்பில்லாமை.

இரண்டாம் கேள்வி கடினம். அதற்கு நம் மதுரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தத்துவ போதகர் என்று நாம் கொண்டாடும் இராபர்ட் டி நோபிலி 1606 நவம்பரில் இந்த ஊருக்கு வந்தார். இத்தாலியப் பிரபு குடும்பம், இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அவருக்கு முன்பே இங்கே இன்னொரு சேசு சபைக் குரு இருந்தார்: கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்த்துக்கீசியர், முன்னாள் படைவீரர், நோபிலிக்கு அப்பா வயது. இந்தப் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. பத்தாண்டுக்கு மேலாக, மதுரையில் இருந்த பரதவர் கிறிஸ்தவர்களுக்குத் திருப்பலி வைத்தும், ஒரு பள்ளிக்கூடமும் மருந்து கொடுக்கும் இடமும் நடத்தியும் வந்தவர் அவர். ஊர்க்காரர்கள் அவரைப் பறங்கி என்றார்கள். மாடு தின்பவன், குடிப்பவன், குலமில்லாதவன் என்பதெல்லாம் அந்த ஒரு பேச்சில் அடக்கம். அவரைப் பார்த்து மனம் மாறி வந்தவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை.

நோபிலி வேறு வழி எடுத்தார். தனி வீட்டுக்குப் போனார். காவி உடுத்தினார், சந்தனம் இட்டார், பூணூல் போட்டார், மரக்கறி மட்டும் உண்டார். தமிழும் சமற்கிருதமும் தெலுங்கும் படித்தார். பெர்னாண்டஸின் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு சைவ ஆசிரியரோடு நாள்கணக்கில் வாதம் செய்தார். முதலில் திருமுழுக்குப் பெற்றவர்களில் அந்த ஆசிரியரும் ஒருவர். தாம் பறங்கி அல்ல என்று நோபிலி ஓலையில் எழுதி வீட்டு வாசலில் வைத்தார்.

பெர்னாண்டஸின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் உன் சபைச் சகோதரன், உன்னைவிட இளையவன், உன்னோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை. 'நான் அவரைச் சேர்ந்தவன் அல்ல' என்று ஊரறியச் சொல்கிறான். அவன் தொடங்கிய கோவில் வேறு, உன் பரதவர் மக்களின் கோவில் வேறு. பெர்னாண்டஸுக்கு வலிக்காதா? 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வெறும் குல அடையாளங்கள் அல்ல, சமயச் சடங்குகள். கிறிஸ்தவன் அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் வாதம். நோபிலி பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். 1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய அவையில் நோபிலிக்கு எதிரான கைகளே அதிகம். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு நோபிலியின் வழியை அனுமதித்தார்.

பெர்னாண்டஸ் நோபிலியை வெறுத்தாரா? மனிதருடைய உள்ளத்தைக் கடவுள்தான் அறிவார். ஆனால் ஒன்று என்னைத் தொடுகிறது. தம் வாதத்தை நிரூபிக்க அந்த முதியவர், பிராமணர்களின் சடங்குகளைப் பற்றி இங்குள்ள நூல்களிலிருந்து திரட்டி, 1616இல் ஒரு பெரிய ஏட்டையே எழுதி முடித்தார். எதிராளி சொல்வது தவறு என்று காட்ட இவ்வளவு பாடுபட்டுப் படிக்கிறவனை வெறும் வெறுப்பாளன் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வெறுப்புக்குப் படிப்பு தேவையில்லை, வதந்தி போதும். அந்த வதந்தியும் அன்று பரவத்தான் செய்தது. நோபிலி விசுவாசத்தையே கைவிட்டுவிட்டார் என்ற பேச்சு உரோமை வரை போய், அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மினை வருத்தியது. பூணூல் சமயச் சின்னமா, குலச் சின்னமா என்று கேட்பது கருத்து வேறுபாடு. அதைப் போட்டிருப்பவன் கிறிஸ்துவை விட்டே போய்விட்டான் என்று ஊருக்கு ஊர் கதை கட்டுவது வேறு சரக்கு.

நோபிலியையும் நான் முழுக்க விடுவிக்கப் போவதில்லை. அவர் வழியால் நற்செய்தி தமிழ் பேசியது. அந்தக் கடனை நாம் தீர்க்க முடியாது. ஆனால் பந்தி பிரிந்தது. அது பின்னாளில் திருச்சபைக்குள் என்னென்ன ஆனது என்பதை நம் ஊர்க் கோவில்களின் தனி வாசல்களும் கல்லறைத் தோட்டங்களின் தடுப்புச் சுவர்களும் சொல்லும். அனுமதி தந்த அதே ஆணையில் திருத்தந்தை, உயர்குலத்தார் தாழ்ந்தவர்கள் எனப்படுவோரை இகழக் கூடாது, அவர்களோடு சேராமல் இறைவார்த்தையைக் கேட்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். பூணூலுக்குக் கிடைத்த அனுமதியை உடனே எடுத்துக்கொண்டோம். அடுத்த வரியை இன்னும் படித்து முடிக்கவில்லை.

மதுரை வாதத்துக்குப் பேர்போன ஊர். சைவ நாயனார் சம்பந்தரோடு வாதிட்டுத் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. வரலாற்றாசிரியர் பலர் அதை நம்புவதில்லை. கீழக்குயில்குடி மலையில் நீங்கள் பார்க்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களே சம்பந்தருக்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியவை. சமணர் இங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆனாலும் வாதத்தில் தொடங்கிய கதையைக் கழுமரத்தில் கொண்டுபோய் முடித்தால்தான் கேட்பவருக்குத் திருப்தி. யாக்கோபும் யோவானும் கேட்டது அந்தத் திருப்தியைத்தான்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். உங்கள் தங்கை வேறு கிறிஸ்தவச் சபைக்குப் போய்விட்டாள். மாதா சுரூபத்தை விக்கிரகம் என்கிறாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் உங்களை வெறுக்கிறாளா? 'ஆமாம்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். நாம் அவள் சபையைப் பற்றிச் சொல்வது மட்டும் நம் கணக்கில் அக்கறை! அவள் பேசுவது தவறு என்றால் அதைச் சொல்லுங்கள். மாதாவைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஆனால் அவள் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, 'கொள்கை' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கும். பெயரைக் கேட்பார்கள். பெயரிலேயே மதம் தெரிந்துவிட்டால் 'இப்பத்தான் ஃபாதர் ஆள் வந்துட்டாங்க'. தெரியாவிட்டால் 'நீங்க எந்த ஆளுக?' என்ற அடுத்த கேள்வி. நம் ஆட்களின் வீட்டு வாசலிலும் இது நடக்கிறது. வீடு கேட்டு வருபவர் திருநங்கை என்றால் பேச்சே அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 22 அன்று, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தூத்துக்குடிப் பதிவு அலுவலகம் மறுத்திருந்தது. திருமணம் என்ற அருளடையாளத்தைப் பற்றிய திருச்சபையின் போதனை இந்தத் தீர்ப்போடு ஒத்துப்போவதில்லை. நான் அந்தப் போதனையைத்தான் இந்தப் பீடத்தில் நின்று சொல்வேன். ஆனால் அதே தீர்ப்பு, ஆண் பெண் என்று தெளிவாக வகைப்படாத உடலோடு பிறக்கும் குழந்தைகளை அறுத்துச் சரிப்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. தமிழ்நாடு அரசும் அவ்வாண்டே தடை ஆணை போட்டது. அதைப் படித்து மகிழ எனக்கு எந்தத் தடையும் இல்லை. தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றித் திருச்சபையின் மறைக்கல்வி பேசும் இடத்தில், கற்பு பற்றிய கடினமான போதனையும் இருக்கிறது. அவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. 'இது எனக்குச் சரியாப் படல தம்பி' என்று சொல்லிவிட்டு, உனக்குப் பிடித்த குழம்பை வைத்துச் சோறு போடுகிற அம்மா உன்னை வெறுக்கவில்லை. அவள் மனதை மாற்ற உனக்கு ஆசை இருந்தால், அவளும் உன் மனதை மாற்ற ஆசைப்படலாம். செல்வந்தனான ஒருவனை இயேசு அன்போடு உற்றுப் பார்த்ததாக மாற்கு 10ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். பார்த்துவிட்டுத்தான் அவனால் முடியாததைச் சொன்னார். அவன் முகம் வாடிப் போய்விட்டான். இயேசு சொன்னதைக் குறைக்கவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை.

வரும் வாரம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில், நாம் போக்குவரத்தை நிறுத்திவிட்ட வீடு எது என்று பாருங்கள். அங்கே போகும்போது செபப் புத்தகம் வேண்டாம். போய் உட்காருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். கொடுக்காவிட்டால், தண்ணீர் கேளுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம். சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலுக்கும் எதிரே உள்ள பிள்ளையார் கோவிலுக்கும் கேட்டாலும், நாம் அவர்களோடு எதில் மாறுபடுகிறோம் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.