நண்பனுக்குத் தந்த வாக்கு

ஒருவன் போதைப்பொருளுக்கு அடிமையாகிவிட்டான் என்பதைப் பல வேளைகளில் முதலில் அறிபவர் பெற்றோர் அல்லர். உடன் பழகும் நண்பனே. வெள்ளானூரில் ஒரே அறையில் தங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவனது கையில் ஊசித் தழும்புகள். வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்கிறான் என்பது மற்றவனுக்குத் தெரியவருகிறது. "வீட்டில் சொல்லிவிடாதே, சத்தியம் செய்" என்று அவன் கெஞ்ச, இவனும் சத்தியம் செய்துவிடுகிறான். அந்தச் சத்தியம் இவனைக் கட்டுப்படுத்துமா?

எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. நம்பிச் சொன்னதை வெளியிடுபவனை உலகம் மதிப்பதில்லை. நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்றவுடன் யூதாசின் பெயரே நம் நாவில் வருகிறது. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் எக்காரணம் கொண்டும் மீறப்படலாகாது என்று கற்றறிந்த கத்தோலிக்கர், நண்பனின் இரகசியத்தையும் அவ்வாறே எண்ணிவிடுவதில் வியப்பில்லை.

ஆனால், திருச்சபை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது இறைவனுக்கு உரியது. அதற்கு விதிவிலக்கு இல்லை. மற்ற இரகசியங்களைப் பற்றி, 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வேறு விதமாகப் பேசுகிறது. அவற்றையும் காக்க வேண்டும். எனினும், மௌனம் காப்பதால் சொன்னவருக்கோ கேட்டவருக்கோ பிறருக்கோ மிகப் பெரும் தீங்கு நேரும் என்றால், அதைத் தடுக்க வேறு வழியும் இல்லை என்றால், உண்மையை வெளிப்படுத்தலாம் என்கிறது. இரகசியம் மனிதனைக் காப்பதற்காகவே இருக்கிறது. அவனை அழிப்பதற்காக அன்று.

அப்படியானால் யூதாசுக்கும் இந்த நண்பனுக்கும் என்ன வேறுபாடு? யாரிடம் சொல்கிறோம், எதற்காகச் சொல்கிறோம் என்பதே. யூதாசு தன் நலத்துக்காகப் பகைவர் கையில் ஒப்படைத்தான். இவன் நண்பனின் நலத்துக்காக, குணமாக்க வல்லவர் கையில் ஒப்படைக்கிறான். தேநீர்க் கடையில் அதே செய்தியைப் பரப்பினால் அது புறங்கூறுதல். மருத்துவரிடமோ பொறுப்புள்ள உறவினரிடமோ சொன்னால் அது அன்பு. மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வர் வீட்டின் கூரையையே பிரித்தார்கள். பிறர் வீட்டுக் கூரையைப் பிரிப்பது முறையன்று. ஆனால், கூரையைக் காப்பதற்காக நோயாளியைத் திருப்பித் தூக்கிச் சென்றிருந்தால், அவர்களை நண்பர்கள் என்று யார் சொல்வார்?

வாக்கை மீறுவது முதற்படியாக இருக்கலாகாது. "என்னால் இதை நெடுநாள் மறைக்க முடியாது. நீயே வீட்டில் சொல், நான் உடன் வருகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வாய்ப்பும் சில நாள் தவணையும் தர வேண்டும். மறுத்தால், சொல்லப்போவதை அவனிடம் அறிவித்துவிட்டே சொல்ல வேண்டும். அவன் மூச்சு தளர்ந்து, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, தவணைக்கு இடமில்லை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சிறைக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அடிமைப்பட்டவரை வணிகரோடு ஒன்றாக எண்ணவில்லை. சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்கு உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாகவே முன்வந்து சிகிச்சையை நிறைவு செய்தால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்க அதன் 64-ஏ பிரிவு வழிசெய்கிறது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மானத்துக்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்களும் உண்டு. சென்னையில் புகழ்பெற்ற தொழிலதிபர் குடும்பத்தின் மருமகளான சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குத் தம் கணவரை 1979-இல் இழந்தார். அவர் துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அமெரிக்காவில் இச்சிகிச்சையைப் பயின்று வந்து, 1980-இல் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை நிறுவினார். இந்திரா நகரிலுள்ள அதன் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் நடத்தி, ஊர் மக்களையே துணை நிற்கச் செய்தார்கள். மறைத்து வைத்த நோய் மனிதனைத் தின்கிறது. பலர் பகிர்ந்த நோய்க்கு மருந்து கிடைக்கிறது.

இனி, பணம். நண்பன் நடுங்கும் கையை நீட்டிக் கடன் கேட்கிறான்; கொடுக்க மறுப்பது கல்நெஞ்சம் ஆகாதா? நல்ல சமாரியர் இரண்டு தெனாரியத்தை அடிபட்டவர் கையில் கொடுக்கவில்லை, சாவடிக்காரரிடம் கொடுத்தார். அடிமைப்பட்டவரின் கைக்குச் செல்லும் பணம் மீண்டும் மாத்திரையாகிறது. மருத்துவமனைக்கும் உணவுக்கும் பேருந்துக்கும் நாமே நேரில் செலுத்தினால், அது மருந்தாகிறது.

சமாரியர் இன்னொன்றும் செய்தார். திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். நாம் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சிகிச்சை முடிந்து வந்தவன் மீண்டும் வழுக்கி விழுவது இந்நோயின் இயல்பிலேயே உண்டு. சிறிது காலம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும். பழக்கத்தின் வலிமை மனிதனின் பொறுப்பைக் குறைக்கிறது என்று கற்பிக்கும் அறநெறி இறையியல், விழுந்தவனைப் பழித்து ஒதுக்கும் உரிமையை நமக்குத் தரவில்லை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் மாலை வேளையும் சம்பள நாளும் அவனுக்குச் சோதனைப் பொழுதுகள். அப்போது அவனோடு நடந்து, அவனோடு உண்டு, அவனோடு ஞாயிறு திருப்பலிக்கு வருபவனே நண்பன்.

சொல்லமாட்டேன் என்று தந்த வாக்கை மீற நேர்ந்தவன், உன்னைக் கைவிடமாட்டேன் என்ற வாக்கையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவன். அதைத் தர மனமில்லாதவனின் உண்மையும் பாதி உண்மையே.