711 எச்சரிக்கைகளும் ஒரு சம்மதமும்

2022 மே 2. லண்டனில் வங்கி விடுமுறை. அன்றும் வேலையிலிருந்த சிட்டி குழும டிரேடர் ஒருவர் 5.8 கோடி டாலருக்குப் பங்குக் கூடை ஒன்றை விற்க வேண்டியிருந்தது. தொகைக் கட்டத்தில் போட வேண்டிய எண்ணை எண்ணிக்கைக் கட்டத்தில் போட்டுவிட்டார். கூடையின் மதிப்பு 44,400 கோடி டாலராக வீங்கியது. உடனே ஒரு பாப்-அப் வந்தது. அதில் 711 எச்சரிக்கைகள். கண்ணுக்குத் தெரிந்தவை முதல் 18 வரிகள் மட்டும். அவர் கீழே உருட்டிப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தார். தடுப்புகள் பாதிக்கு மேல் மறித்தும், அவர் சுதாரித்து ரத்து செய்வதற்குள் 140 கோடி டாலர் பங்குகள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்றுப்போயின.

தவறு யாருடையது?

அறியாமல் செய்ததை மனமொப்பிச் செய்ததாகக் கொள்ள முடியாது, ஆனால் அந்த அறியாமைக்கு அவரே காரணமென்றால் பழி உண்டு என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். டிரேடர் உருட்டிப் பார்த்திருக்கலாம். ஆகவே அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் விசாரணை அவரோடு முடிந்துவிடுவதில்லை. 693 வரிகள் மறைந்திருக்கும்படி ஒரு பெட்டியை வரைந்தவர்களும், அதை ஏற்று அனுப்பிய குழுத் தலைமையும் அந்த அறியாமையில் பங்காளிகள்.

பொன்னூர்மலையோடு தமிழ்ச் சமணர் சேர்த்துப் போற்றும் குந்தகுந்தர், பிரவசன சாரம் என்ற நூலில் இன்னும் கறாராக இருக்கிறார். கவனமின்றி நடப்பவருக்கு, காலடியில் உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும், இம்சை உறுதி. கவனத்தோடு நடந்தவரை வெறும் உயிர்ச்சேதம் மட்டும் வினையில் கட்டாது. கேடு விளைந்ததா என்பதை அல்ல, நடந்த விதத்தைத்தான் அவர் எடைபோடுகிறார்.

வணிகத் திரைகளை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்பவரிடம் கேட்க வேண்டியதும் இதுதான். 2024 மே மாதம் பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகள் சிட்டிக்கு மொத்தம் 6.16 கோடி பவுண்டு அபராதம் விதித்தபோது, அவ்வளவு பெரிய கூடையை அப்படியே நிராகரிக்கும் தடுப்பு இல்லாததைச் சுட்டிக்காட்டின. அந்தத் தடுப்பு இல்லாமல் திரை வேலைக்கு வந்த நாளில் யாரும் ஒரு காசும் இழக்காமல் இருந்திருக்கலாம். குந்தகுந்தர் கணக்கில் குற்றம் அன்றே நடந்துவிட்டது.

டோக்கியோவில் 2005 டிசம்பரில் நடந்தது இதைவிடப் பளிச்சென்றது. ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற தரகு நிறுவனம், 6,10,000 பங்குகளைப் பங்குக்கு ஒரு யென் என்ற விலையில் விற்பதாக ஆர்டர் போட்டது. ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 14,500. இல்லாத பங்கை விற்க முடியாது என்று கணினி மறுத்திருக்க வேண்டும். அது எச்சரித்துவிட்டு வழிவிட்டது. ரத்து செய்ய முயன்றபோது பங்குச் சந்தையின் கணினி அதை ஏற்கவில்லை. நட்டம் 4,000 கோடி யென்னுக்கு மேல்.

எச்சரித்துவிட்டோமே, அதற்கு மேல் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் தனிநபர்களில் 10 பேருக்கு 9 பேர் நட்டப்படுகிறார்கள் என்ற அறிவிப்பை, உள்ளே நுழையும்போதே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி போட்ட விதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2023–24 நிதியாண்டிலும் ஏறத்தாழ 91 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. வாசித்தவரை நிதானிக்க வைக்காத அறிவிப்பு, காட்டியவரின் பொறுப்பைக் கழிக்கிறது. காசு போட்டவரைக் காப்பதில்லை.

அந்த அறிவிப்பை வேண்டாமென்று சொல்வதற்கில்லை. அது மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வதுதான் கவனமின்மை. நட்டத்தைத் துரத்தி மேலும் மேலும் வணிகம் செய்பவர், தன் கணக்கைத் தானே சில மணிநேரம் முடக்கிக்கொள்ளும் வசதியைச் சில தரகு நிறுவனங்கள் தருகின்றன. அந்தப் பட்டனை 'வாங்கு' பட்டன் இருக்கும் திரையிலேயே வைப்பதா, நான்கு தட்டல் தள்ளி ஒரு மெனுவுக்குள் வைப்பதா என்பதை வடிவமைப்புக் கூட்டத்தில் ஒருவர் முடிவு செய்கிறார்.