மூடிக்கு அடியில்

யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்ய வேண்டிய அவசியம் என்ன? தவறு ஒருபோதும் வெளிப்படாது என்று உறுதியாகத் தெரிந்த பின்னும் நேர்மை ஒருவனைக் கட்டுப்படுத்துமா? சிந்தனையாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. இதற்கு விடை காண, இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் ஒரு படகின் தண்ணீர்த் தொட்டி உதவுகிறது.

நீரும் சுவரும்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சரக்குகளைக் கொண்டு செல்வதற்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் திட்டமிட்ட டிரென்ட்-மெர்சி கால்வாய் 1777இல் நிறைவடைந்தது. படகுகளை மேட்டிற்கு ஏற்றவும் பள்ளத்திற்கு இறக்கவும் அதில் அமைந்த மதகு அறைகள் பலவற்றின் அகலம் ஏறத்தாழ 7 அடியே. அந்த அகலத்திற்குள் நுழையும்படி நீளமாகவும் ஒடுக்கமாகவும் கட்டப்பட்டதே ‘நேரோபோட்’ எனப்படும் படகு. கரையில் நடந்த குதிரைகள் அதை இழுத்துச் சென்றன. காலப்போக்கில் படகோட்டிகள் பலர் குடும்பத்துடன் அதிலேயே வாழத் தொடங்கினர். குடிநீரை உலோகக் குடுவையில் நிரப்பிப் படகின் கூரைமீது வைத்தனர். ரோஜா மலர்களும் கோட்டைகளும் தீட்டப்பட்ட அந்தக் குடுவைகள் கரையில் செல்வோரின் கண்களைக் கவர்ந்தன.

இன்று அந்தப் படகுகள் எஃகால் கட்டப்படுகின்றன. சிலர் அவற்றில் குடியிருக்கின்றனர். சிலர் விடுமுறையைக் கழிக்கின்றனர். குடிநீர், படகின் முன்பகுதியில் தளத்திற்கு அடியில் உள்ள தொட்டியில் சேமிக்கப்படுகிறது. பல படகுகளில் இது தனியாகச் செய்து வைக்கப்பட்ட தொட்டி அன்று. படகின் இருபக்க எஃகுத் தகடுகளே தொட்டியின் சுவர்கள், குறுக்கே பற்றவைத்த ஒரு தகடு பின்சுவர், மேல்தளமே கூரை. சில நூறு லிட்டர் நீர் அதில் நிற்கும்.

ஆகவே அந்தச் சுவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளிருக்கும் நல்ல நீரைக் காப்பது ஒன்று. வெளியிலிருக்கும் கால்வாய் நீரை உள்ளே விடாமல் தடுப்பது மற்றொன்று. உட்புறம் துருப்பிடித்தால் குழாயில் பழுப்பு நீர் வருவதோடு துன்பம் முடிவதில்லை. படகை மிதக்க வைக்கும் தகடே உள்ளிருந்து மெலிந்துகொண்டு வருகிறது. ‘குடிப்பதற்குத்தான் பாட்டில் தண்ணீர் வாங்குகிறோமே, தொட்டி எப்படி இருந்தால் என்ன?’ என்று கேட்பவர் இந்த இரண்டாவது கடமையை மறந்துவிடுகிறார்.

வேலையின் பெரும்பகுதி

இதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் வர்ணம் பூச வேண்டியிருக்கிறது. நீர் முழுவதும் வெளியேற்றப்படுகிறது. திருகாணிகளைக் கழற்றி மூடி திறக்கப்படுகிறது. இறங்குபவர் உடனே உள்ளே நுழைவதில்லை. ஈரமான எஃகு துருப்பிடிக்கும்போது மூடிய இடத்திலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வர்ணத்தின் ஆவியும் மயக்கம் தரக்கூடியது. எனவே காற்று நன்றாக உட்செல்ல வழி செய்யப்படுகிறது. வெளியே ஒருவர் காவலாக இருந்து அவ்வப்போது குரல் கொடுக்கிறார்.

பிறகு தொடங்குவது வர்ணம் பூசும் வேலை அன்று, சுரண்டும் வேலை. குனிந்தும் படுத்தும், கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டியாலும் மூலைமுடுக்கெல்லாம் துருவை நீக்க வேண்டும். உரிந்த பழைய பூச்சையும் அகற்ற வேண்டும். பழைய தார் வகைப் பூச்சின்மேல் எபாக்சி வர்ணம் நிலைத்துப் பிடிக்காது. வெறும் எஃகு தெரியும்வரை போயாக வேண்டும். தூசியைத் திரட்டி எடுத்து, துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே குடிநீருக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற வர்ணத்தைப் பூசலாம். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. அது முழுமையாக இறுகும்வரை காத்திருந்து, நீர் நிரப்பி வெளியேற்றி, குளோரின் கலந்த நீரால் தூய்மை செய்து, மீண்டும் அலசிய பிறகே அந்த நீர் பயன்பாட்டுக்கு வருகிறது.

இதில் வர்ணம் பூசும் நேரம் மிகக் குறைவு. துருவை விட்டுவிட்டு அதன்மேலேயே பூசினாலும் தொட்டி அன்றைக்கு அதே அழகுடன்தான் இருக்கும். ஆனால் துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. புதிய பூச்சுக்கு அடியில் அது பருத்து, பூச்சை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்க்கும். அதுவரை, திறந்து பார்ப்பவருக்குக்கூட அது புலப்படாது.

மோதிரமும் மூடியும்

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறான். அணிந்தவரைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஓர் இடையனுக்குக் கிடைக்கிறது. அதன் துணையால் அவன் அரசனைக் கொன்று நாட்டையே கவர்ந்துகொள்கிறான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்பது கிளாக்கன் எழுப்பும் வினா. தொட்டியின் மூடியும் அப்படிப்பட்ட மோதிரமே. அதைத் திருகி மூடிவிட்டால் உள்ளே செய்த வேலை பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாது.

‘ஏமாற்றினால் பின்னால் தனக்கே கேடு வரும், ஆகவே ஒழுங்காகச் செய்’ என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. இந்த விடை போதுமா? அடுத்த மாதமே படகை விற்கப் போகிறவரை எண்ணிப் பார்க்கலாம். துருவின்மேல் பூசி மூடிவிட்டால் அவருக்கு எந்தக் கேடும் இல்லை. மூன்று நாள் உழைப்பு மிச்சம், நல்ல விலையும் கிடைக்கும். கேடு, பெயர்கூடத் தெரியாத வேறொரு குடும்பத்திற்கு. தன்னலத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட நேர்மை இங்கே கைவிட்டுவிடுகிறது. அந்த நீரை ஒருவர் பயன்படுத்துவார், அந்தத் தகட்டை நம்பி ஒருவர் உறங்குவார் என்ற உண்மை மட்டுமே எஞ்சுகிறது. கடமைக்கு அந்த ஒரு காரணம் போதும். அந்த மனிதரைத் தெரியாது என்பதால் காரணம் சிறிதும் குறைவதில்லை.

அப்படியானால் ஒவ்வொருவரும் துருவே இல்லாத தொட்டியைத்தான் ஒப்படைக்க வேண்டுமா? அவ்வாறு கேட்பது நியாயமாகாது. நீர் நிற்கும் எஃகில் துரு வருவது இயற்கை. அது எவருடைய குற்றமும் அன்று. உடல்வலிமையும் பணமும் நேரமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. வேலையை முடிக்க இயலாதவர், ‘தொட்டியின் உள்ளே துரு இருக்கிறது, நான் சுரண்டவில்லை’ என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் அவர் கடமை தவறியவர் ஆகமாட்டார். விலை சற்றுக் குறையலாம், மனம் உறுத்தாது. துரு இருப்பது குறை. அதை வர்ணத்தால் மறைப்பதே குற்றம்.

மனிதர் தம் குறைகளைக் கையாள்வதிலும் இந்த வேறுபாடு உண்டு. கோபமும் பொறாமையும் எழுவது இயல்பு. அவற்றைச் சுரண்டி எடுக்கும் உழைப்பு கடினமானது, மெதுவானது, பாராட்டுக் கிடைக்காதது. இனிய பேச்சால் அவற்றின்மேல் பூசி மூடுவதோ எளிது. அதனால் பலர் அதையே திருத்தம் என்று எண்ணி நிறைவடைகின்றனர். அந்த இருட்டறைக்குள் தனியாக இறங்குவது ஆபத்து என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. வெளியே நின்று குரல் கொடுக்கும் நல்ல துணை ஒன்று அங்கும் தேவைப்படுகிறது.

கூரைமீதிருந்த குடுவையின் ரோஜா மலர்களைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். தொட்டிக்குள் பூசிய வர்ணத்தைப் பார்த்து மகிழ ஒருவரும் வரப்போவதில்லை. வேலையை முடித்தவர் மூடியைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்குகிறார். சில நாட்களுக்குப் பின் படகினுள் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். நீர் தெளிவாக வருகிறது. தொட்டியைப் பற்றிய எண்ணமே இல்லாமல் அவர்கள் தேநீருக்கு நீரைப் பிடித்துச் செல்கிறார்கள்.