சூரைச்செடியின் நிழலில்



சோர்வு என்பது தோல்வியடைந்தவர்களுக்கு வருவது என்றே நாம் எண்ணுகிறோம். எலியாவுக்கோ அது தன் ஊழியத்தின் மிகப்பெரிய வெற்றியின் பின்னால் வந்தது. கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்டவன், மூன்றரை ஆண்டுகள் அடைபட்டிருந்த வானம் திறந்து மழை பொழியக் கண்டவன், யேசபேல் அனுப்பிய ஒரே செய்திக்கு அஞ்சிப் பெயெர்செபாவரைக்கும் ஓடினான். உடனிருந்த வேலைக்காரனையும் அங்கே விட்டுவிட்டு, தனியனாய் வனாந்தரத்தில் ஒருநாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தனக்கு மரணம் வரவேண்டுமென்று ஜெபித்தான் (1 இராஜாக்கள் 19).

அந்த ஜெபத்துக்குத் தேவன் அளித்த பதிலைக் கவனியுங்கள். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுடைய ஊழியத்தைப் பறித்துக்கொள்ளவும் இல்லை. முதலில் அவனை உறங்கவிட்டார். பின்பு தூதன் அவனைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். புசித்தவன் மறுபடியும் உறங்கினான். தூதனும் பொறுமையோடே மறுபடியும் வந்தான். நம்முடைய உருவம் இன்னதென்று அறிந்த தேவன், களைத்த சரீரத்துக்கு முதலாவது ஆகாரம் கொடுத்தார். உபதேசம் பின்பு வந்தது. சோர்ந்துபோன ஓர் ஊழியரைக் காணும்போது, "உமக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்று அவசரமாய்த் தீர்ப்புச் சொல்லுகிற நாம், இந்தத் தூதனிடத்தில் கற்கவேண்டியது உண்டு.

ஆனாலும் தேவன் அவனுடைய சரீரத்தைப் பெலப்படுத்தியதோடு நிறுத்திவிடவில்லை. ஓரேபிலே, காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பின்பு, மெல்லிய சத்தத்தில் அவர் அவனுடைய உள்ளத்தைத் தொட்டார். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் எலியாவின் பதில் ஒன்றே: தான் ஒருவனே மீதியாயிருப்பதாக அவன் முறையிட்டான். பக்தி வைராக்கியத்தின் உள்ளே ஒளிந்திருந்த தன்னிரக்கத்தைக் கர்த்தர் அங்கே வெளிப்படுத்தினார். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் உண்டென்று அறிவித்தார். செய்யவேண்டிய அடுத்த வேலையைக் கொடுத்தார். தோள்கொடுக்க எலிசாவையும் கொடுத்தார். சரீரத்துக்கு அப்பம், குணத்துக்குச் சத்தியம், தனிமைக்கு ஒரு துணை: தேவன் தம்முடைய ஊழியனைப் புதுப்பித்த விதம் இதுவே.

நம் தேசத்தின் ஊழிய வரலாற்றிலும் இப்படிப்பட்ட ஒரு வேளை உண்டு. 1793-ல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி, முதல் இந்திய விசுவாசி ஞானஸ்நானம் பெறுவதைக் காண 1800-ன் இறுதிவரை காத்திருந்தவர். அந்த ஆண்டுகளில் ஒரு மகனை அடக்கம்பண்ணினார்; மனைவியின் மனநோயையும் சுமந்தார். பின்பு 1812 மார்ச் 11 அன்று மாலையில் செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. பல இந்திய மொழிகளின் அச்செழுத்துக்களும், காகிதக் குவியலும், ஆண்டுக்கணக்காய் எழுதிச் சேர்த்த அகராதி, இலக்கணக் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அப்பொழுது கேரிக்கு வயது 50. கல்கத்தாவில் இருந்த அவரிடம் உடன் ஊழியரான மார்ஷ்மேன் இந்தச் செய்தியைக் கொண்டுபோனார்.

கேரி துக்கப்பட்டார், தம் இழப்பைச் சிறிதாய்க் காட்டவில்லை. ஆனால் அந்த அக்கினியிலே தேவனுடைய கரத்தைக் கண்டு, தம்மைத் தாழ்த்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் 46-ஆம் சங்கீதத்தை எடுத்து, தேவனுக்கு முன்பாக அமர்ந்திருப்பதைக் குறித்தே பிரசங்கித்தார். இடிபாடுகளின் நடுவே வார்ட் தேடியபோது, எழுத்து வார்க்கும் அச்சுகள் சேதமின்றி அகப்பட்டன. உருகிக் கிடந்த உலோகம் மறுபடியும் எழுத்துக்களாய் வார்க்கப்பட்டது. சில மாதங்களுக்குள் பல மொழிகளில் அச்சுப்பணி மீண்டும் நடந்தது. இழந்த மொழிபெயர்ப்புகளைக் கேரி திரும்பவும் எழுத உட்கார்ந்தார். இரண்டாம் முறை செய்வது முன்னிலும் செம்மையாய் அமையும் என்று நம்பினார்.

பிரியமானவர்களே, எழுத்துக்கள் உருகிப்போயின. அவற்றை வார்க்கும் அச்சுகளோ நிலைத்தன. நம் ஊழியத்தின் பலன்கள் ஒரே இரவில் அழிந்துபோகக்கூடும். கிறிஸ்துவின் சாயல் நம் உள்ளத்தில் பதிந்திருந்தால், உருகினதை மறுபடியும் வார்க்கலாம். அந்தச் சாயல் மேடையின்மேல் உருவாவதில்லை. ஒருவரும் காணாத அதிகாலை ஜெபத்திலும், மனமில்லாத நாளிலும் செய்துமுடிக்கும் கடமையிலும், குற்றத்தை ஒத்துக்கொள்ளும் தாழ்மையிலும் உருவாகிறது.

தூரதேசத்துக் கிராமம் ஒன்றில், பலன் காணாமல் ஆண்டுகளைக் கழிக்கும் சகோதரரே, பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டுப் பணித்தளத்தில் கண்ணீரோடே நிற்கும் சகோதரியே, உங்கள் களைப்பைத் தேவனிடத்தில் மறைக்கவேண்டாம். இன்றிரவு இளைப்பாறுங்கள். உங்கள் பாரத்தை அறிய, நம்பிக்கைக்குரிய ஒருவரையாவது அழையுங்கள். வேலைக்காரனைப் பெயெர்செபாவிலே விட்டுவிட்டுத் தனியே போகாதிருங்கள். காலையில் வேதத்தைத் திறந்து, அவருடைய கேள்விக்கு உண்மையாய்ப் பதில் சொல்லுங்கள். பின்பு அவர் காட்டும் அடுத்த வேலையை, அது எவ்வளவு சிறியதானாலும், செய்யுங்கள்.

வீட்டிலிருந்து ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குகிறவர்களே, இம்மாதம் ஓர் ஊழியருக்காவது சூரைச்செடியின் கீழ் அடையும் தண்ணீரும் கொண்டுவந்த தூதனைப்போல் இருங்கள். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒருவேளை ஆகாரம் போதும். மீதியான பயணத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

அன்று எலியாவை ஓரேப்மட்டும் 40 நாள் நடத்தின தேவன், நம் ஒவ்வொருவரையும் புதுப்பெலத்தினால் இடைகட்டி, முடிவுபரியந்தம் உண்மையுள்ளவர்களாய்க் காத்தருள்வாராக. ஆமென்.