பழம் புகழும் இன்றைய குரலும்

இளமையில் ஈட்டிய புகழைக் கொண்டே ஒருவர் முதுமையைக் கழித்துவிடலாமா? இக்கேள்விக்கு ஓர் இசைத்தட்டு விடை பகர்கின்றது.

ரோனி ஜேம்ஸ் டியோ 1942-ல் அமெரிக்காவிற் பிறந்தவர். மின் கிதார்களும் முரசுகளும் இடியென அதிரும் ஹெவி மெட்டல் இசையில் பேர்பெற்ற பாடகர். 1983-ல் அவர் தம் குழுவினருடன் வெளியிட்ட 'ஹோலி டைவர்' உலகெங்கும் புகழ் ஈட்டிற்று. 22 ஆண்டுகள் கழிந்தபின், 2005 அக்டோபரில், இலண்டன் அஸ்டோரியா அரங்கில் அதன் பாடல்கள் அனைத்தையும் மீண்டும் பாடினார். அப்போது அவருக்கு வயது 63. அப்பதிவு 2006-ல் வெளிவந்தது.

"பழைய தட்டு இருக்கையில் இது எதற்கு? ஆறிய சோற்றையா மீண்டும் பரிமாறுவது?" என்பர் சிலர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயின், அன்பர்களே, சிந்தியுங்கள்! பதிவறையிற் பிழை நேரின் மறுமுறை பாடலாம். மேடையிலோ தவறிய சுரம் தவறியதே. இளமையிற் பாடியதை முதுமையில் மக்கள் முன் நின்று பாடத் துணிபவர், தம் பழம் பெருமையையே சோதனைக்கு வைக்கின்றார். தோற்பின் இழப்பது பெரிது. அத்துணிவன்றோ நேர்மை!

அவ்வரங்கம் 2009-ல் இடிக்கப்பட்டது. டியோவும் 2010-ல் மறைந்தார். அவ்விரவின் உழைப்பு மட்டும் தட்டில் ஒலிக்கின்றது.

நேற்றைய வேலைக்கு இன்று கூலி கேட்பார் உண்டோ? புகழும் அத்தகையதே.