செதில் ஒட்டிய தாள்

மார்கழி பிறந்தால் எங்கள் திருப்பாலைவனத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். சோழர் காலத்துக் கோயில், திருப்பாலீஸ்வரர் குடியிருக்கும் இடம். நான் மாதாவைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மார்கழியில் என்னை எழுப்புவது அந்தப் பாட்டுத்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூடத்து மூலையில் குடிலுக்கு வைக்கோல் பரப்புவேன். வெளியே திருவெம்பாவை, உள்ளே மாட்டுத் தொழுவம். அந்த நேரத்தில் உட்கார்ந்துதான் டிசம்பர் மாதக் கடிதத்தை எழுதுவது வழக்கம்.

கடிதம் என்றால் தபாலில் போகிற கடிதம் இல்லை. ஒரு தாளின் இரண்டு பக்கமும் என் கையெழுத்தில் எழுதி, பொன்னேரியில் ஜெராக்ஸ் எடுத்து, பழவேற்காடு பஸ்ஸில் கொண்டுபோய் டீக்கடையிலும் மீன் ஏலக் கூடத்திலும் படகுத் துறையிலும் மகிமை மாதா கோயில் வாசலிலும் வைத்துவிட்டு வருவேன். விலை கிடையாது. முகத்துவாரம் மண்மூடிப் போனதையும், பூநாரைகள் வந்து இறங்கிய நாளையும், மீன் பிடிக்கும் இடத்தைப் பிரிக்கிற பாடு குலுக்கலில் யாருக்கு எது விழுந்தது என்பதையும், என்னிடம் படித்த பிள்ளை ஒன்று நர்ஸ் ஆனதையும் எழுதுவேன். 2007 ஜனவரியில் ஆரம்பித்தேன். அப்போது குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன்.

ஆனால் உண்மையான ஆரம்பம் அதற்கும் முன்பு. 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்து போன பிறகு பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு மேசையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள், மனு எழுத. வலை எத்தனை, கட்டுமரம் எத்தனை, குடம் எத்தனை, அரிசி எத்தனை கிலோ. ஒரு பெரியவருக்கு எழுதி முடித்து ரேகை வைக்கத் தாளை நீட்டினேன். அவர் ரேகை வைக்கவில்லை. "ஒருதபா படிச்சிக் காட்டு டீச்சரம்மா" என்றார். படித்தேன். அவர் வீட்டில் இருந்த சாமான்களின் பெயர்களை, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். குத்துவிளக்கு ஒன்று என்ற இடத்தில் அவருடைய உதடு அசைந்தது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒரு மனுஷர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு விழுந்த விதை இரண்டு வருடம் கழித்து முளைத்தது.

இந்தத் தாளை யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலேதான் வெகுகாலம் எழுதினேன். ஒரு நாள் மீன் விற்கிற அம்மா ஒருவர் சில்லறை தருவதற்காகச் சுருக்குப்பையைத் திறந்தார். வெற்றிலைக்குப் பக்கத்தில் எட்டாக மடித்த தாள். மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு மீன் செதில், காய்ந்து, கண்ணாடித் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய என் கடிதம். அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தச் செதிலைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இதில் கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார்? தாள் என்னுடையது. ஏழு மாதம் அதை இடுப்பில் வைத்துக் காத்தவர் அவர். நன்றி யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

நன்றி என்ற சொல்லை இன்றைக்கு வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வள்ளுவர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு நமக்குச் செய்யப்பட்ட நன்மை என்றே பொருள். அதிகாரத்துக்கு அவர் வைத்த பெயர் செய்ந்நன்றி அறிதல். அந்த நன்மையை அறிந்துகொள்வதைத்தான் அறம் என்கிறார். பத்துக் குறள்களிலும் வாயால் சொல்வதைப் பற்றிப் பேச்சில்லை. பயனை எடை போடாமல் ஒருவர் செய்த உதவியைக் கடலைவிடப் பெரியது என்கிறார். கடலோரத்தில் இருக்கிற எனக்கு அது புரிகிறது. ஆனால் அறிதல்? முகமே தெரியாதவர் செய்த நன்மையை எப்படி அறிவது?

இந்தப் பழவேற்காடு ஏரிக்கரையில் எனக்கு முன்னால் எழுதிய ஒருவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். ஆபிரகாம் ரோகேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் 1630களில் ஊழியம் பார்த்தவர். பத்மநாபன் என்ற பிராமணர் போர்த்துக்கீசிய மொழியில் சொல்லச் சொல்ல, நம் நாட்டுச் சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பர்த்ருஹரியின் செய்யுள்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூலின் வழியாகத்தான். ரோகேரியஸ் 1649இல் இறந்துபோனார். நூல் அச்சானது 1651இல், லெய்டனில். அச்சுப் புத்தகத்தைப் படித்த ஒருவரைக்கூட அவர் பார்க்கவில்லை. நூலின் தலைப்பில் நம்மவர் சமயத்தை அஞ்ஞானம் என்கிறார், அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொன்னவர் பெயரை அவர் விழுங்கிவிடவில்லை. பத்மநாபன் என்று எழுதி வைத்தார். அதனால்தான் அந்தப் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. அறிதல் என்பதில் இதுவும் சேர்த்தி என்று எனக்குப் படுகிறது.

எனக்கும் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இருளர் பெண்மணி. ஏரியில் வலையில்லாமல் இறால் பிடித்தவர். முட்டிபோட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பனை ஓலையில் பின்னிய பறியில் போடுவார்கள். கரையிலிருந்து பார்த்துவிட்டு ஒரு மாதம் அதைப் பற்றி எழுதினேன். பெண்கள் வரிசையாகப் பாடிக்கொண்டே இறால் தடவுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று சேர்த்த வரி அது. அடுத்த மாதம் படகுத் துறையில் அவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். "வாயில பறியக் கடிச்சிக்கினு இருக்கசொல்ல எப்டி டீச்சரம்மா பாடுறது?" என்று கேட்டார். கோபமே இல்லை. பறியை எடுத்துக் காட்டினார். பறியின் வாய் விளிம்பில் ஓர் இடம் மட்டும் கறுத்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. பல் பட்ட இடம். விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியைப் பிடிக்கப் பல்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் வாய் திறக்க முடியாது.

அந்த ஒரு வரியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். யாரோ டீச்சர் ஏதோ எழுதுகிறார் என்று போயிருக்கலாம். தன் பிழைப்பு தாளில் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்து, நாள் பார்த்து வந்து நின்றாரே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? அன்றிலிருந்து பார்க்காததை எழுதுவதில்லை. எழுதுவதற்கு முன்னால் கேட்கிறேன். என் எழுத்தில் ஏதாவது உண்மை இருக்குமானால் அது அவர் போட்ட பிச்சை.

2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பண்டிகை நாளில் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. ஜனவரிக் கடிதம் வரவில்லை. பிப்ரவரியில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சுருக்குப்பை அம்மா கேட்டார், "போன மாசம் ஏன் நீ பேசல?" எழுதல என்று அவர் சொல்லவில்லை, பேசல என்றார். நான் மௌனமாக இருந்ததையும் ஒருவர் கேட்டிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

ஜெபத்தில் எனக்கு வெகுநாளாக ஒரு வருத்தம் இருந்தது. இவ்வளவு பேசுகிறோமே, அந்தப் பக்கம் கேட்கிறதா? பதில் வராத இடத்தில் நன்றி சொல்வது எப்படி என்று. வாக்கே மனுஷ உருவெடுத்து வந்தது என்பது எங்கள் விசுவாசம். குடிலில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே இந்த வருடம் யோசித்தேன். வந்த வாக்கு எப்படி வந்தது? பேச்சில்லாத குழந்தையாக. அம்மா பேசுவதை, இடையர்கள் பேசுவதை, மாடு மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தது. பிரசங்கம் செய்வதற்கு முப்பது வருடம் முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டது. கடவுள் முதலில் கேட்கிறவராகத்தான் நம்மிடம் வந்தார் என்றால், எனக்கு மாதம் தவறாமல் காது கொடுத்த இந்தச் சனங்களிடம் அவருடைய சாயலைத்தான் நான் பார்த்திருக்கிறேன். செதில் ஒட்டிய தாளில் பார்த்திருக்கிறேன், பல் பட்டுத் தேய்ந்த ஓலையில் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

டிசம்பர்க் கடிதத்தில் இதையெல்லாம் எழுதினேன். போன வாரம் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், படகுத் துறையில் அந்த இறால் அம்மாவிடம் முதல் தாளைக் கொடுத்தேன். வயதாகிவிட்டது, இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. மகள் கொண்டுவரும் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பேத்தி கண்ணாலம் ஆயி எண்ணூருக்குப் பூட்டா. நீயே படி."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்தேன். நான் எழுதியதை அவருக்கு நானே படிப்பது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது. அவர் கை இறாலில் இருந்தது, பெரியது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். பறியைப் பற்றிய இடம் வந்ததும் கை நின்றது.

"அத்த மறுபடி படி" என்றார்.