கக்கனின் வறுமை யாருக்குப் பெருமை?

கக்கன் பேச்சை எடுத்தாலே எங்க லோயர் கேம்ப் பக்கம் டீக்கடையில் ஒரே கதைதான். பத்து வருசம் மந்திரியாக இருந்தவர். கடைசியில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்கப் போன முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாகத்தான் அவரைக் கண்டார். சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். உருகிச் சொல்கிறார்கள். எனக்கு அந்த உருக்கத்தின் மீதுதான் சந்தேகம்.

1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கன் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். 1952-இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சர். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித்துறை அவர் கையில். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் துறையும் அவர் கையில்தான். அதை மறைத்து அவரைப் புனிதராக்க எனக்கு உடன்பாடில்லை. ஆக, அதிகாரத்தைக் கையாண்ட ஒரு மனிதர். கதையிலோ ஆஸ்பத்திரி வார்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

எங்க சேரியில் எல்லோரும்தான் இல்லாமல் வாழ்கிறோம். அதை யாரும் நேர்மை என்று சொன்னதில்லை. எடுக்க வாய்ப்பிருந்தும் எடுக்காததுதான் நேர்மை. அது கக்கனிடம் இருந்தது, யார் மறுப்பது? ஆனால் 1967-இல் தோற்ற பிறகு வந்த வறுமையில் நேர்மைக்கு ஒரு பங்கென்றால், கட்சியும் அரசும் கைவிட்டதற்கு மறுபங்கு. கைவிட்டவர்களின் வெட்கத்தைக் கைவிடப்பட்டவரின் பெருமையாக மாற்றிச் சொல்வது என்ன அறம்?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கிறது. அங்கே நாற்று நடுகிற நம்ம பொம்பளைகளுக்குக் கூலி கூட்டிக் கேட்கப் போயிருந்தோம். நிலக்காரர் ஒருத்தர் சொன்னார்: "ஏப்பா, உங்காளு கக்கன் யாருகிட்டயாச்சும் கேட்டு நின்னாரா?"

கேட்காத தலித்துதான் அவர்களுக்கு நல்ல தலித்து.

லோயர் கேம்பில் பென்னி குயிக்குக்கு 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. இருந்தாலும் அங்கே அணைதான் முதலில் வருகிறது, தியாகம் அதற்குப் பிறகுதான். வைகை அணைக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் வாயில் கக்கன் பெயர் வருகிறது?